மண்ணுக்குள் நெளிவது எது? புழுப்பல்லியும் நம் தோட்டத்துப் புழுப்பாம்பும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டும்போது, பொள்ளாச்சித் தோப்பில் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கும்போது, கோயமுத்தூரில் மொட்டை மாடித் தொட்டியில் மண் மாற்றும்போது, கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு மண்புழு கனத்தில் ஒன்று வேகமாக நெளிந்து வெளியே வரும். மண்வெட்டியால் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் பலரும் "என்னங்க இது?" என்று கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். பாம்புக்குட்டி என்பார் சித்தப்பா, மண்ணுளிக் குட்டி என்பார் மாமா, படத்தை இணையத்தில் தேடிப் பார்த்த கல்லூரிப் பையன் 'புழுப்பல்லி' என்று ஒரு புதுப்பெயரைக் கொண்டுவருவான்.

அந்தப் பையனைப் போலப் புதிதாக ஊர்வனவற்றைக் கவனிக்கத் தொடங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புழுப்பல்லி என்பது மண்ணுக்குள் வாழும், பெரும்பாலும் கால் இல்லாத, பார்க்கப் புழு மாதிரி இருக்கும் ஓர் ஊர்வன வகை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது இந்தியாவில் இயற்கையாக எங்கும் கிடையாது. ஆனால் அதை அடையாளம் காண்பது எப்படி என்று கற்றுக்கொண்டால், நம் எருக்குழியில் கிடைக்கும் எல்லாவற்றையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட மாதிரிதான். ஏனென்றால் மண்ணுக்குள் வாழப்போன உயிர்கள் வெவ்வேறு குடும்பத்தில் பிறந்தாலும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்கின்றன. கை கால் குறைகிறது, கண் சுருங்குகிறது, காது மூடிக்கொள்கிறது, தலையும் வாலும் ஒரே கனமாகிவிடுகின்றன. மொத்த உருவத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால் அதனால்தான் தவறிப்போகிறது. செதிலைப் பார்க்க வேண்டும். குறிப்பாக, எல்லோரும் பார்க்காமல் விடுகிற அடிவயிற்றைப் பார்க்க வேண்டும்.

கை வைக்காமல் படம்

முதல் வேலை, கையால் எடுக்காமல் இருப்பது. நம் தோட்டத்தில் பெரும்பாலும் கிடைக்கிற, மண்புழு மாதிரி இருக்கும் புழுப்பாம்புக்கு விஷம் இல்லை, அதன் வாய் நம் தோலைக் கடிக்கும் அளவுக்குத் திறக்கவும் செய்யாது. ஆனால் அது புழுப்பாம்புதான் என்று தெரிவதற்கு முன்னால் கையில் எடுப்பது சரியில்லை. கட்டுவிரியன் குட்டி இருக்கலாம். அதைவிடக் குழப்பக்கூடியது மெல்லிய பவளப்பாம்பு: பென்சிலைவிட ஒல்லி, ஒரு முழத்துக்குக் கூடாது, வெளிர்பழுப்பு உடல், கறுத்த தலையும் கழுத்தும், வாலில் இரண்டு கறுப்பு வளையம். தொந்தரவு செய்தால் வாலைச் சுருட்டித் தூக்கி நீலம் கலந்த அடிப்பக்கத்தைக் காட்டும். இது விஷப்பாம்பு, புழுப்பாம்பைத் தின்பதால் அது இருக்கும் இடத்தில்தான் இதுவும் சுற்றும். கடி பட்டால் எந்தப் பாம்பு என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரு காகிதத்தை அடியில் நகர்த்தி, பக்கம் நேராக உள்ள கண்ணாடிப் பாட்டிலிலோ தெளிவான பிளாஸ்டிக் டப்பாவிலோ விட்டால் போதும். நிழலில் வையுங்கள், ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படம் நான்கு எடுங்கள்: தலை பக்கவாட்டில், தலை மேலிருந்து, டப்பாவைத் தூக்கிக் கீழிருந்து அடிவயிறு, கடைசியாக வால்நுனி. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து இன்னொரு படம் எடுத்தால் அளவு தெரியும். புதிதாக வருபவர்கள் அனுப்புகிற படங்களில் பெரும்பாலும் முதுகு மட்டும்தான் இருக்கிறது. முதுகை வைத்து நிறம் சொல்லலாம், இனம் சொல்வது சிரமம். செல்போனில் தெளிவாக விழவில்லை என்றால் நகைப் பட்டறைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி செல்போன் கேமராவுக்கு முன்னால் பிடித்து எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஈரமா, காய்ந்ததா

டப்பாவில் இருப்பதன் தோல் ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது ஊர்வன இல்லை. மண்புழுவை எல்லோருக்கும் தெரியும்: நீண்டு சுருங்கி நகரும், கொஞ்சம் வளர்ந்ததற்கு உடலின் முன்பகுதியில் ஒரு தடித்த பட்டை இருக்கும், தாடை கிடையாது. மழைக்காலத்தில் விசிறி போல் அகன்ற தலையோடு, நீளவாக்கில் கோடு போட்டு ஒன்று தரையில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் அது தட்டைப்புழு வகை.

வால்பாறை, ஆனைமலைப் பக்கம் இருப்பவர்கள் இங்கே இன்னும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காலில்லாத நீர்நில வாழ்வி ஒன்று அங்கே இருக்கிறது, தவளைக்குத் தூரத்து உறவு, சிசிலியன் என்பார்கள். உடல் முழுக்க வளையம் வளையமாக மடிப்பு இருப்பதால், படத்தில் பார்க்கும்போது புழுப்பல்லியோடு மிக அதிகமாகக் குழம்புவது இதுதான். சில வகைகளுக்குப் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை உண்டு. தோல் ஈரமாக வழவழக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சின்னதாக ஒரு உணர்கொம்பு இருக்கும், தலையைப் பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். அது தெரிந்தால் அடுத்த கேள்விக்கே போக வேண்டாம். அப்புறம், ஈரத்தோல் உள்ள எதையும் காய்ந்த டப்பாவில் வைக்காதீர்கள், ஈர இலை ஒன்றைப் போட்டு வையுங்கள்.

தோல் காய்ந்து செதில் இருந்தால் ஊர்வன. இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

அடிவயிறு சொல்லும் சேதி

டப்பாவின் கீழிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். நடுவில் குறுக்காக அகலமான பட்டைச் செதில்கள் வரிசையாக இருந்தால் அது சாதாரணப் பாம்பு, விஷமுள்ளதாகவும் இருக்கலாம், அதோடு நிறுத்திக்கொண்டு தள்ளி நில்லுங்கள். பட்டை இருக்கிறது, ஆனால் குறுகலாக, பக்கத்துச் செதிலைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்றால் மண்ணுளியோ, மலைப்பக்கத்துக் கேடய வால் பாம்போ. முதுகும் வயிறும் ஒரே அளவுச் செதில், ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கிறது என்றால் புழுப்பாம்பு அல்லது அரணை வகை. செதில்கள் செவ்வகமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், உடலைச் சுற்றி முழு வளையங்களாக, வளையத்துக்கு வளையம் பள்ளம் விட்டு இருந்தால் மட்டுமே அது புழுப்பல்லி. கொங்கு நாட்டில் இந்தக் கடைசி வகை உங்கள் டப்பாவுக்குள் வராது.

அரணை வகையைப் பிரிப்பது சுலபம். காதுத் துளை இருக்கும், இமை மூடித் திறக்கும், உற்றுப் பார்த்தால் குட்டிக் குட்டியாக நான்கு கால்கள் இருக்கும். குட்டிப் பருவத்தில் வால் சிவப்பாக இருக்கும் மெல்லிய அரணை ஒன்று நம் தோட்டங்களில் உண்டு, அது சருகுக்குள் நெளியும்போது பாம்புக்குட்டி என்று அடித்துவிடுகிறார்கள், பாவம். அரணை கடித்தால் மரணம் என்று சொல்வதெல்லாம் உண்மையில்லை; அரணைக்கு விஷமே கிடையாது. முழுக்கவே கால் இல்லாத அரணை இந்தியாவில் இருக்கிறது, ஆனால் இங்கே இல்லை. ஒடிசாவின் சிலிகா ஏரித் தீவு ஒன்றில் கண்டு 1917-ல் பெயரிட்ட பார்குடியா அதற்கு எடுத்துக்காட்டு. நிக்கோபாரில் டிபாமஸ் என்ற கண்தெரியாப் பல்லியும் உண்டு. இவை இரண்டும் பார்க்கப் புழுப்பல்லி மாதிரியே இருக்கும், ஆனால் அந்தக் குடும்பம் இல்லை.

புழுப்பாம்பு: தொண்ணூறு சதவீதம் என்று சொல்லாவிட்டாலும்

சமவெளித் தோட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அறிவியல் பெயர் இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ். 1803-ல் தாதான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பெயரிட்டார். முன்பு ராம்ஃபோடிஃப்ளாப்ஸ் என்ற பேரினத்தில் இருந்தது, 2014-ல் இந்தப் பேரினத்துக்கு மாற்றினார்கள். பழைய புத்தகத்தில் பழைய பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. ஒரு சாணுக்குள் அடங்கும். கறுப்பு அல்லது கரும்பழுப்பு, சட்டை உரிக்கும் முன்னால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். கண் இரண்டு கறுப்புப் புள்ளி, செதிலுக்கு அடியில். வால்நுனியில் ஒரு சின்ன முள் இருக்கும், பிடித்தால் அதை வைத்து அழுத்தும், குத்துகிறது என்று பயந்து உதறிவிடுவார்கள், அதில் விஷம் எதுவும் இல்லை. காதுக்குள் புகுந்துவிடும் என்ற பயமும் வேண்டாம், அதற்கு வேண்டியது எறும்புப் புற்றும் கறையான் முட்டையும்.

உறுதி செய்ய இரண்டு வழி. ஒன்று, உடலின் நடுப்பகுதியில் சுற்றிலும் எத்தனை செதில் வரிசை என்று எண்ணுவது. பிராமினஸுக்கு 20. உயிருள்ளதில் எண்ணுவது கடினம், நெளிந்துகொண்டே இருக்கும். எங்காவது செத்துக் கிடந்தது கிடைத்தால் எண்ணிப் பழகுங்கள், ஒரு செதிலில் தொடங்கிச் சாய்வாக அடுத்த வரிசைக்கு ஏறி ஏறிச் சுற்றி வர வேண்டும், தொடங்கிய செதிலில் மையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இரண்டாவது, மூக்குத் துளைக்குக் கீழே ஓடும் கோடு எந்தச் செதிலைத் தொடுகிறது என்று பார்ப்பது. இதில் அது கண்ணுக்கு முன்னால் உள்ள செதிலைத் தொடும், உறவுக்காரப் புழுப்பாம்புகள் பலவற்றில் மேலுதட்டுச் செதிலைத் தொடும். நல்ல லென்ஸ் இருந்தால்தான் இது முடியும்.

இந்தப் பாம்பைப் பற்றி எனக்கு ஓயாத வியப்பு ஒன்று உண்டு. இதில் ஆண் கிடையாது. எல்லாமே பெண், ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அதனால் ஒரே ஒரு பாம்பு தொட்டி மண்ணோடு கப்பலேறிப் போனால் போதும், புது நாட்டில் ஒரு கூட்டமே உருவாகிவிடும். உலகத்தின் வெப்பப் பகுதிகளில் பெரும்பாலான இடங்களுக்கு இது இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நர்சரியில் வாங்கிவந்த செடித் தொட்டியில் கிடைத்தால், எந்த ஊர்ச் செடி என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாணைத் தாண்டி இரண்டு சாண், இன்னும் நீளம் என்று போனால், மூக்கு கிளிமூக்கு மாதிரி கீழே வளைந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கிரிப்போடிஃப்ளாப்ஸ் அகூட்டஸ், இந்தியாவின் புழுப்பாம்புகளிலேயே பெரியது, 60 சென்டிமீட்டர் வரை வளரும், செதில் வரிசையும் 20-ஐத் தாண்டி 30-ஐ ஒட்டி இருக்கும்.

மண்ணுளிக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை, கை கனம், மழுங்கிய வால், ஊர்ந்து போகும் வேகம் மெதுவாக இருக்கும். இரண்டு தலை கிடையாது, நக்கினால் குஷ்டம் வராது, இத்தனை கிலோ இருந்தால் கோடி ரூபாய் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் ஏமாற்றுக்காரர்கள். 1972-ன் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். தோட்டத்தில் எலி பிடித்துக்கொண்டு இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

மலையில் இருந்தால்

ஆனைகட்டி, ஏற்காடு, வால்பாறை, ஊட்டி என்று மலைப்பக்கம் போனால் கேடய வால் பாம்புகள் வரும். தலை கூர்மையாக, கழுத்தே தெரியாமல், வால் சாய்வாக வெட்டிய மாதிரி முடிந்து, அதன்மேல் சொரசொரப்பான ஒரு கேடயமும் அதில் ஒட்டிய மண்ணும் இருக்கும். வெயில் பட்டால் உடல் வானவில் நிறம் காட்டும். மண்புழுதான் உணவு, குட்டி போடும், கடிக்க முயலவே முயலாது. இவற்றின் அருமை என்னவென்றால், மலைக்கு மலை வேறு இனம். கோவைக்குப் பக்கத்து ஆனைகட்டி மலையிலிருந்து 2018-ல் ஒரு புது இனத்தை விவரித்தார்கள், யூரோபெல்டிஸ் பூபதியி என்று பெயர். ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் பணிபுரிந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. ஏற்காட்டுச் சேர்வராயன் மலைக்கு யூரோபெல்டிஸ் ஷார்ட்டியி. 1863-ல் பெடோம் என்ற ஆய்வாளர் விவரித்ததை, பிற்பாடு வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள், 2014-ல்தான் தனி இனம் என்று மறுபடி நிலைநிறுத்தினார்கள். அதனால் கேடய வால் பாம்பைப் பார்த்தால் எந்த மலை, எந்த எஸ்டேட், எவ்வளவு உயரம் என்று எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினால் பாதிப் பயன் போய்விடும்.

புழுப்பல்லி கையில் வந்தால்

இங்கே வராது என்றேன், ஆனால் கொங்குப் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் குவைத்திலும் துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கிறார்கள், அங்கிருந்து மணலில் நெளியும் ஒன்றின் வீடியோ வரும். அது பெரும்பாலும் டிப்ளோமெடோபான் சாருட்னியி, நமக்கு மிக அருகில் வாழும் புழுப்பல்லிகளில் ஒன்று, உடல் வெளிர்சிவப்பு, மேலே ஊதாவும் பழுப்புமாகப் புள்ளிகள். இதுதான் நிஜப் புழுப்பல்லி.

வகைப்பாட்டில் இவை பாம்பும் இல்லை, வழக்கமான பல்லியும் இல்லை என்று நீண்ட காலம் தனியாக வைத்திருந்தார்கள். டிஎன்ஏ வந்தபின், ஐரோப்பாவில் சுவரோரம் ஓடும் லாசெர்டா பல்லிகளுக்கு மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஜெர்மனியின் மெசெலில் கிடைத்த, 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழைய கிரிப்டோலாசெர்டா என்ற புதைபடிவமும் 2011-ல் அதையே சொன்னது. பாம்புகளில் இடது நுரையீரல் குறுகும், இவற்றில் வலது குறுகும். மேல்தாடையின் நடுவில் ஒற்றைப் பல், கீழ்த்தாடையின் இரண்டு பற்களுக்கு இடையில் போய்ப் பொருந்தும்; கடித்தால் நன்றாகவே வலிக்கும்.

ஏறக்குறைய 200 இனங்கள், ஆறு குடும்பங்கள். குடும்பம் வரை போக எந்த நாட்டில் எடுத்தது என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். ஃபுளோரிடா என்றால் ரினியூரா. கியூபா என்றால் காடியா, அல்லது ஆம்பிஸ்பீனிடே பெருங்குடும்பத்தின் ஒன்று. ஸ்பெயின், மொராக்கோ, துருக்கி என்றால் பெரும்பாலும் பிளானஸ். அரேபியா, சோமாலியா, வட ஆப்பிரிக்கா என்றால் ட்ரோகனோஃபிடே, பல் தாடை விளிம்போடு ஒட்டி வளர்ந்திருக்கும், தலையை இப்படியும் அப்படியும் திருகித் தோண்டும். தென் அமெரிக்கா, சஹாராவுக்குத் தெற்கே என்றால் ஆம்பிஸ்பீனிடே. மெக்சிகோவில் முன்னங்கால் மட்டும் இரண்டு இருந்தால் பைபஸ். அதில் மூன்று இனம்தான், ஒவ்வொரு கையிலும் ஐந்து விரலா, நான்கா, மூன்றா என்று எண்ணினாலே இனம் வந்துவிடும். புதியவர்கள் பழக இதைவிட எளிதான பேரினம் இல்லை.

மற்றவற்றில் இனம் சொல்ல எண்ணிக்கை வேண்டும். தலைக்குப் பின்னாலிருந்து கழிவுத் துளை வரை எத்தனை வளையம், வாலில் எத்தனை, உடல் நடுவில் ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டால் உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு மேலே எத்தனை கட்டம், கீழே எத்தனை கட்டம், கழிவுத் துளைக்கு முன்னால் எத்தனை நுண்துளை, வால் ஒடியும் இடம் எத்தனையாவது வளையத்தில் இருக்கிறது. வால் ஒடிந்தால் திரும்ப வளராது, அதனால் ஒடிந்த வாலின் வளையங்களை எண்ணிவிட்டு இனம் முடிவு செய்யக்கூடாது. இந்த எண்ணும் முறையை உறுதியாக நிலைநாட்டியவர்களில் காரல் கான்ஸ் என்ற ஆய்வாளர் முக்கியமானவர். 2005-ல் உலகப் புழுப்பல்லிகள் அனைத்துக்கும் அவர் வெளியிட்ட பட்டியலை இன்னும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

தலை வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். உருண்டைத் தலை, மண்வாரித் தலை, பக்கவாட்டில் ஒடுங்கிய தலை என்று மூன்று நான்கு விதம் உண்டு, அவற்றை வைத்தே முன்பு பேரினங்கள் பிரித்தார்கள். 2009-ல் பிரேசில் இனங்களின் டிஎன்ஏவைப் பார்த்தபோது, ஒரே வடிவத் தலை வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருப்பது தெரிந்து, அனாப்ஸ், புரோனியா போன்ற பேரினங்களை ஆம்பிஸ்பீனா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அதே ஆண்டு ஐரோப்பாவில் நேர்மாறாக நடந்தது: ஒரே இனம் என்று நினைத்திருந்த ஸ்பெயின், போர்ச்சுக்கல் பிளானஸிலிருந்து பிளானஸ் மரியே என்று ஒன்றைப் பிரித்தார்கள்.

குறிப்பும் விடுதலையும்

தேதி, நேரம், ஊர், மண் வகை (செம்மண்ணா, கரிசலா, எருவா), முந்தின நாள் மழை பெய்ததா, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, நீளம், இவ்வளவும் படத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் போட்டால் யாராவது சரிபார்ப்பார்கள். பெயர் உறுதியில்லை என்றால் 'புழுப்பாம்புக் குடும்பம்' என்று அந்த மட்டத்திலேயே நிறுத்துங்கள், இனப்பெயரை ஊகித்துப் போட்டால் பின்னால் வருபவர் அதை நம்பிவிடுவார். கண்ணால் பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள்.

எடுத்த இடத்திலேயே விடுங்கள். எருக்குழியில் கிடைத்ததை எருக்குழி ஓரத்தில், வெயில் படாத பக்கம். கோழி மேய்கிற இடம் என்றால் மேலே கொஞ்சம் சருகைத் தள்ளிவிட்டு, மண்ணுக்குள் போகும்வரை பக்கத்தில் நில்லுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.